கூலியும் சேர்ந்ததுதான் விலை: தர்மபுரி நாட்குறிப்பு

ஜூலை 19, 2025, சனி

ஆடி பிறந்துவிட்டது. வாடகைக்குப் போன கவரிங் மணப்பெண் நகைச் செட்டுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஆரம், ஒட்டியாணம், வங்கி, நெற்றிச்சுட்டி, ஜடைபில்லை என்று ஒவ்வொன்றாக மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, கழன்ற கெம்புக் கற்களை ஒட்டி, காற்றுப் புகாத கவரில் தனித்தனியாகப் போட்டு வைக்கிறோம். வியர்வையும் சென்ட்டும் பட்ட முலாமை அப்படியே விட்டால் சீக்கிரமே கறுத்துவிடும். வாடகைத் தொழிலில் லாபம் என்பது பாதி இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது.

முகூர்த்தம் இல்லாத மாதம் என்று பலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு ஆடி பிடிக்கும். ஆவணிக்கும் நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் வேண்டிய சரக்கு இப்போதுதான் உருவாகிறது. காலையிலேயே மாடி அறையில் பாய் விரித்தாகிவிடுகிறது. நல்லம்பள்ளியிலிருந்து அக்காவும் தங்கையுமாக இருவர் வருகிறார்கள். பென்னாகரத்திலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வருகிறாள். பக்கத்துத் தெரு அத்தை சமையலை முடித்துவிட்டு வந்துவிடுகிறார்.

அத்தை வளையலுக்கு நூல் சுற்றுவதை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இழைகளைச் சேர்த்து, முறுக்கு விழாமல் பட்டையாகப் பரப்பி, வளையலின் உட்பக்கத்தில் ஒரு துளி கோந்து வைத்து, சற்றே சாய்வாகச் சுற்றிக்கொண்டு போகிறார். இடது கைக் கட்டைவிரல் முந்தைய சுற்றை அழுத்திக்கொண்டே நகர்கிறது. ஓர் இழை மேலே ஏறினாலும் வெளிச்சத்தில் கோடாகத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவரே பிரித்துவிட்டு மறுபடி சுற்றுகிறார். இதைக் கைவேலை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 23, புதன்

பெங்களூரு. அதிகாலை பஸ் பிடித்து, ஓசூர் நெரிசலைத் தாண்டி, சிக்பேட்டை போய்ச் சேரக் கடை திறக்கும் நேரமாகிவிட்டது. மாமூல்பேட்டையிலும் ராஜா மார்க்கெட்டிலும் மணி, கல் செயின், ஜம்ப் ரிங் என்ற இணைப்பு வளையம், ஐ பின் என்ற மணி கோக்கும் கம்பி, ஜிமிக்கிக் கூடு எல்லாம் எடைக்கும் கிடைக்கும், எண்ணிக்கைக்கும் கிடைக்கும். சென்னை சௌகார்பேட்டையில் ரகம் நிறைய இருக்கிறது. ஆனால் போய்வர ஒரு நாளைக்கு மேல் ஆகிவிடுகிறது. அவசரச் சரக்குக்கு எங்களுக்குப் பெங்களூருதான்.

இன்று போனது முக்கியமாகக் காது கொக்கிக்காக. ஃபேன்சி நகையில் மாடலைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் வாங்கியவர்கள் மறுபடி வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது கொக்கிதான். மலிவான கொக்கிகளில் முலாமுக்கு அடியில் நிக்கல் இருக்கும். வியர்வை பட்டால் அது கசியும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் காது சிவந்து, அரித்து, நீர் கோத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. காது குத்திய துளைக்குள் போகும் பாகம், வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளியிடக் கூடாது. தர்மபுரிப் பெண்ணின் காதும் காதுதானே.

அதனால் நான் கைப்பையில் சோதனைப் புட்டி ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன். அதில் டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலும் சிறிது அம்மோனியாவும் இருக்கின்றன. கல்லூரியில் வேதியியல் சொல்லித் தரும் மேடம் ஒருவரிடம் கற்றுக்கொண்டது. பஞ்சுக் குச்சியை நனைத்துக் கொக்கியில் அரை நிமிடம் தேய்த்தால் போதும், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகிவிடும். முதல் கடையில் காட்டிய இரண்டு ரகமும் சிவந்தன. கடைக்காரர் முகமும்தான். “எல்லோரும் இதைத்தானம்மா வாங்குகிறார்கள்” என்றார். வேறு கடையில் பஞ்சு வெள்ளையாகவே இருந்த ஸ்டீல் கொக்கி கிடைத்தது. ஜோடிக்கு இரண்டு ரூபாய் கூடுதல். அதைத்தான் வாங்கி வந்தேன்.

ஜூலை 28, திங்கள்

சேலத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி பேசினார். நவராத்திரிக்கு நூல் வளையல், ஆறு வளையல் கொண்ட செட்டாக, 500 செட் வேண்டுமாம். மாதிரி அவருக்குப் பிடித்திருக்கிறது. நான் சொன்ன விலை 280. அவர் கேட்பது 190. பணம் மூன்று மாதம் கழித்து.

“உங்களுக்குப் பொருள் செலவே நூறு ரூபாய் வராதே” என்றார். உண்மைதான். ஒரு செட்டுக்கு வளையல் பேஸ் (நூல் சுற்றாத வெறும் வளையல்) 18, நூல் 20, கல் செயின் 24, குந்தன் கல்லும் கோந்தும் 12, பெட்டி 10. ஆக 84. வாடகை, மின்சாரம், கழிவு எல்லாம் செட்டுக்கு 21 ரூபாய் விழுகிறது. அதையும் சேர்த்தால் 105.

பிறகு அவர் சொன்னதுதான் இரவு வரை மனத்தில் நிற்கிறது. “மிச்சமெல்லாம் கூலிதானே. வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள்தானே செய்கிறார்கள்?”

சும்மா இருக்கிற பெண்கள். அவர்கள் யார் என்று எழுதிவைக்கிறேன். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடித்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறவர்கள். ஒரு வளையலுக்கு நூல் சுற்றக் கால் மணி நேரம், கல் பதிக்கப் பத்து நிமிடம். ஆறு வளையலுக்கு இரண்டரை மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் என்று நான் கொடுக்கும் கூலிப்படி 125. அத்துடன் 230 ஆகிறது. எனக்கு ஐம்பது ரூபாய். இதில் எதைக் குறைப்பது?

190-க்கு ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு பைசா வேண்டாம் என்று விட்டாலும் கூலிக்கு மிஞ்சுவது 85. மணிக்கு 34 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து வேலை செய்தால் 272 ரூபாய். நூறு நாள் வேலையிலேயே இந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு நாள்கூலி 336 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். மண் வெட்டப் போகிறவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவான கூலிக்கு, இத்தனை நுணுக்கமான வேலையை நான் யாரிடமும் வாங்க மாட்டேன்.

நம் ஊரில் ஆரி வேலை, தையல், ஊறுகாய், நகை என்று வீட்டிலிருந்து தொழில் செய்யும் எத்தனையோ பெண்கள், பொருள் செலவுக்கு மேல் கொஞ்சம் வந்தால் லாபம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தங்கள் நேரத்துக்கு விலையே போடுவதில்லை. அதைப் பழக்கமாக்கிவிட்டதால்தான் வியாபாரிகளும் அப்படிக் கேட்கிறார்கள். இதை நான் மகளிர் குழுக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. எல்லோருக்கும் விடுமுறை. ஊரே ஒகேனக்கல் பக்கம் போய்விட்டது. அம்மா மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார். சித்ரான்னம் கட்டிக்கொண்டு நாங்களும் கிளம்புகிறோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி விரதம். அம்மன் முகத்துக்குப் போடும் சின்ன அளவு நெக்லஸ், ஜிமிக்கி, ஒட்டியாணம் எல்லாம் நேற்று மாலையோடு தீர்ந்துவிட்டன. ஓசூர் பக்கத்துத் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களிலிருந்துதான் அதிக ஆர்டர். அடுத்த ஆண்டு ஆனி மாதமே தொடங்க வேண்டும்.

இந்த வாரம் தங்கம் சவரன் மறுபடியும் 75,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஜனவரியில் 60,000 தாண்டியபோதே வாய் பிளந்தோம். தங்கம் ஏற ஏற எங்களிடம் விசாரிப்பு கூடுகிறது. வியாபாரம் பெருகுவது நல்லதுதான். ஆனால் விசாரிக்க வருகிறவர்களின் முகத்தில் சந்தோஷம் இல்லையே.

இன்று அரூர் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். ஆவணியில் கல்யாணம். அவருக்குச் செட் பிடித்திருந்தது. தயங்கித் தயங்கி, ஆரத்தின் கொக்கியில் “916” என்று பொறித்துத் தர முடியுமா என்று கேட்டார். சம்பந்தி வீட்டில் பேசியது அத்தனை சவரனாம். அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. “அண்ணா, அது குற்றம். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நகைக்கடையில் விற்கும் ஒவ்வொரு ஹால்மார்க் நகைக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம் உண்டு. யார் வேண்டுமானாலும் செல்போனில் சரிபார்க்கலாம். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிகிற அன்று தலைகுனிவது உங்கள் மகள்” என்றேன்.

பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். “இது கவரிங் என்று நானே சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் அப்பா. இருக்கிற நாலு சவரன் போதும்.” அப்பா ஒன்றும் சொல்லாமல் வாடகைப் பணத்தை எடுத்து வைத்தார். நல்ல மேட் பாலிஷ் செட்டாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ரசீதில் “கவரிங் மணப்பெண் செட், வாடகை” என்று தெளிவாக எழுதினேன்.

வளையல் அட்டையிலும் “செயற்கைப் பட்டு நூல்” என்றுதான் அச்சிடுகிறேன். பட்டுக்கூடு அங்காடி இருக்கும் ஊர் இது. மல்பெரி வளர்க்கும் குடும்பங்கள் சுற்றிலும் இருக்கின்றன. அசல் பட்டின் விலை இங்கே யாருக்கும் தெரியும். அசலைச் சுற்றினால் இந்த விலைக்குக் கொடுக்கவும் முடியாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வங்கிக்குப் போனேன். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை பிணை இல்லாமல் தரலாம். ஆனாலும் எதிரில் உட்கார்ந்த அதிகாரி முதலில் கேட்டது, “சார் என்ன செய்கிறார்?” தொழில் என் பெயரில், குறுந்தொழிலுக்கான உத்யம் அரசுப் பதிவு என் பெயரில், வரவு செலவுக் கணக்கு முழுவதும் என் கையெழுத்தில். அதையெல்லாம் மேசையில் எடுத்து வைத்தேன். பிறகு பேச்சு ஒழுங்காக நடந்தது. இமிடேஷன் நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தொடும்வரை பொருள் விற்பவருக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதெல்லாம் அவருக்கே சொல்ல வேண்டியிருந்தது. வெளிமாநில ஆர்டருக்காக நான் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

திரும்பி வரும்போது அம்மாவின் குழு நினைவு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தொடங்கியது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது எங்களோடு இருந்தது, 2004-ல்தான் தனி மாவட்டமானது. அம்மா சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தார். வாரச் சேமிப்பு, மரத்தடிக் கூட்டம், கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது எல்லாம் அங்கேதான். நான் முதலில் வாங்கிய மணியும் பிளையரும் அந்தக் குழுவில் அம்மா எடுத்த கடனில் வந்தவை. அந்தக் கூட்டங்களில் யாரும் யாரையும் “உன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்” என்று கேட்டதில்லை. தவணை சரியாகக் கட்டுகிறாயா என்றுதான் கேட்டார்கள்.

செப்டம்பர் 6, சனி

தங்கம் இன்று 80,000 தாண்டியது.

சேலத்து வியாபாரி நேரிலேயே வந்துவிட்டார். வேறு இடத்தில் 190-க்கு வாங்கிய சரக்கையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பேசுவதற்கு முன் அவரை மாடிக்கு அழைத்துப்போய் அத்தைக்கு எதிரில் நாற்காலி போட்டேன். அத்தை அவரிடம் ஒரு வளையலையும் நூலையும் கொடுத்து, “நீங்களும் ஒன்று சுற்றிப் பாருங்கள் தம்பி” என்றார். கூச்சப்பட்டாலும் வாங்கிக்கொண்டார். இழைகள் விரலில் ஒட்டிக்கொண்டன, சுற்று இடைவெளி விட்டது. அவர் கால் பங்கு முடிப்பதற்குள் அத்தை ஒரு வளையலை முடித்துக் காய வைத்துவிட்டார்.

அவர் கொண்டுவந்த வளையலை அத்தை நகத்தால் லேசாக நெருடினார். நூல் பிரிந்து பிளாஸ்டிக் தெரிந்தது. எங்களுடையதை அவரையே நெருடிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை.

கீழே வந்து கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பொருள், இதரச் செலவு, கூலி, லாபம். எதையும் மறைக்கவில்லை. “கூலியைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசலாம்” என்றேன். பெட்டிக்குப் பதில் கவர் போதும் என்றார், எட்டு ரூபாய் குறைந்தது. என் லாபத்தில் பன்னிரண்டு விட்டுக்கொடுத்தேன். 260. மூன்று மாதக் கடன் பேச்சை எடுத்தபோது, உத்யம் பதிவுள்ள குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருப்பதையும், தாமதித்து, நிதியாண்டு முடிவதற்குள்ளும் கட்டாவிட்டால் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டு அந்தச் செலவைக் காட்ட முடியாது என்பதையும் சொன்னேன். அவருடைய ஆடிட்டருக்கு அங்கேயே போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்.

500 செட் எடுக்கவில்லை. 200. பாதிப் பணம் முன்பணமாக மாலையிலேயே கணக்கில் விழுந்துவிட்டது, மீதி 45 நாளில். 22-ஆம் தேதிக்குள் சேலத்தில் சேர்க்க வேண்டும். மொத்தம் 1,200 வளையல். நாளை ஞாயிறு என்றாலும் வர முடியுமா என்று கேட்டதற்கு, நல்லம்பள்ளித் தங்கை மட்டும் காது குத்து விழா இருப்பதாகச் சொன்னாள். மற்றவர்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூலி மணிக்கு 60 என்று பலகையில் எழுதிவிட்டேன். மரூனும் மயில்கழுத்துப் பச்சையும் நூல் குறைவாக இருக்கிறது, திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் பெங்களூரு போக வேண்டும்.