ஓரிரவு ஆறவிட்ட மா

நம் கல்லூரியின் மனையியல் அறையில் மின்சார வெதுப்பி ஒன்று இருந்தது; மின்சாரம்தான் இருக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில், போர்க்கால யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால் எங்கள் ரீச்சர் வெதுப்பக் கற்பித்ததெல்லாம், அடியில் மணல் பரப்பிய பெரிய அலுமினியப் பானையில், மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டித்தான். பணிஸுக்குக் குழைத்த மாவை ஈரத்துணியால் மூடியபின், பொறுமையின்றித் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும் எங்களிடம், "மா தன்ரை வேலையைச் செய்யட்டும், நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ" என்பார்.

கல்லூரி நினைவுகளை எழுதும்படி மலர்க்குழுவினர் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதப்போவதில் பெரும்பகுதி பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துச் சமையலறை ஒன்றைப் பற்றியது என்பதைப் பொறுத்தருள வேண்டும். 1992 நவம்பரில், தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு வீட்டுத் துணையாக நான் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தபோது, பிரெஞ்சு மொழியில் எனக்கு இருபது சொற்கள்கூடத் தெரியாது. மாவைப் பற்றி ரீச்சர் சொல்லித் தந்தவை மட்டும் கைவசம் இருந்தன.

மதாம் என்றே நான் அழைத்த அந்த மூதாட்டி 1914இல் பிறந்தவர். அப்போது, ஸ்ட்ராஸ்பூர்க் இருக்கும் அல்சாஸ் மாநிலம் ஜெர்மனியோடு இருந்தது. 1918இல் பிரான்சிடம் வந்தது, 1940இல் மீண்டும் ஜெர்மனியின் கைக்குப் போனது, போரின் முடிவில் திரும்பவும் பிரான்சாயிற்று. அவர் கணக்குகளைப் பிரெஞ்சில் எழுதுவார், மாவோடு பேசும்போது அல்சாஸ் மொழியில் பேசுவார். அங்கத்தைய குளிர்காலப் பலகாரங்களின் பெயர்கள் பாரிஸ்காரர் வாயில் நுழையாமல் இருப்பதும் அதனால்தான்.

நவம்பர் முடிவதற்குள் அந்த வீட்டில் 'பிரெடெலெ' தொடங்கிவிடும். நத்தாருக்கென்று செய்யும் சிறு பிஸ்கற்றுகளுக்கு அது பொதுப்பெயர். வெண்ணெயும் முட்டை மஞ்சட்கருவும் சேர்ந்தது ஒரு வகை. வாதுமை, கறுவா, தோடம்பழத் தோல் சேர்ந்தது இன்னொன்று. கறுவா மணக்கும் நட்சத்திரம் வேறொன்று. ஒவ்வொரு வகையையும் தனித்தனித் தகரப் பெட்டியில் அடுக்கி, வருவோர் போவோருக்கெல்லாம் ஒரு தட்டு நிறையக் கொடுப்பார்கள். எங்கள் வீடுகளில் வருடப்பிறப்புக்கு முறுக்கும் பயத்தம் பணியாரமும் பேணிகளில் நிறைவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பெட்டிகளின் அருமை உடனே விளங்கிற்று. மதாமின் கறுவாப் போத்தலில் 'சிலோன்' என்று அச்சிட்டிருந்தது. என் நாட்டுப் பொருள் என்று பெருமையாகச் சொன்னேன். அது விளைவது தென்னிலங்கைக் கரையோரத்தில் என்பதையும், நம் ஊரில் ஒரு கறுவா மரத்தையும் நான் கண்டதில்லை என்பதையும் சொல்லவில்லை. ஆனால் கடதாசிபோல் மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருப்பதே நல்ல கறுவா என்று வகுப்பில் படித்ததைச் சொல்லி, பட்டையை உடைத்தும் காட்டினேன். அன்றிலிருந்து கறுவா வாங்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

என்னைத் தோற்கடித்தது 'அனிஸ்பிரெடெலெ'. மூன்று முட்டையையும் 250 கிராம் சீனியையும் வெண்மையாகித் தடிக்கும்வரை அடித்து, ஏறத்தாழ அதே நிறை மாவும், பெருஞ்சீரகத்தின் சாயலுள்ள அனிஸ் விதையும் கலந்து, தட்டில் துளித்துளியாக வைக்க வேண்டும். வெண்ணெய் இல்லை, நொதி இல்லை, வேறு சூட்சுமமும் இல்லை என்று நினைத்துவிட்டேன். மதாம் மருத்துவரிடம் போயிருந்த நேரத்தில், அவரை வியப்பில் ஆழ்த்தும் எண்ணத்தோடு தட்டை நேரே வெதுப்பிக்குள் தள்ளினேன். தட்டையாகப் பரவி, மேற்புறம் வெடித்து வந்தன. திரும்பி வந்தவர் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, "இதற்குக் கால் இல்லையே" என்றார். துளிகளை ஓரிரவு முழுவதும் உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் மேலே மெல்லிய தோல் படியும். வெதுப்பும்போது உள்ளே விரியும் மா அந்தத் தோலை உடைக்க முடியாமல், அதை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு அடியில் ஒரு விளிம்பாகப் பிதுங்கும். அந்த விளிம்புதான் கால். ரீச்சரின் மாணவி இதை ஊகித்திருக்க வேண்டும்.

டிசம்பர் 6, சென் நிக்கோலா நாள். அன்று மனித உருவில் வெதுப்பிய 'மன்னெலெ' என்னும் இனிப்புப் பணிஸைச் சூடான சொக்லேற்றில் தோய்த்துத் தின்பார்கள். திராட்சை வற்றலில் கண் வைத்த அந்த உருவங்களில் என் கைக்கு வந்தவை எல்லாம் வயிறு பருத்தவையாகவே இருந்தன.

'பெக்கெயோஃபெ' என்பதை எவரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பேக்கரிக்காரரின் போறணை என்றே பொருள். மாடு, பன்றி, ஆடு ஆகிய மூன்று இறைச்சிகளை வெங்காயம், லீக்ஸ், கரட்டோடு வெள்ளை வைனில் ஓரிரவு ஊறவிட்டு, சுஃப்லென்ஹைம் ஊர்க் குயவர்கள் செய்த நீள்வட்ட மண்சட்டியில் உருளைக்கிழங்கோடு மாறிமாறி அடுக்கி, மூடியின் விளிம்பைச் சுற்றிக் குழைத்த மாவை ஒட்டி ஆவி போகாமல் அடைத்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் வேகவிடுவார்கள். திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாளாகையால், பெண்கள் காலையில் சட்டியைப் பேக்கரியில் கொடுத்துவிட்டுப் போய், பாண் வெந்தபின் போறணையில் எஞ்சிய சூட்டில் வெந்திருந்ததை மதியம் எடுத்து வருவார்களாம். நான் மாட்டிறைச்சி உண்பதில்லை. ஆட்டிறைச்சி மட்டும் போட்டால் அது பெக்கெயோஃபெ ஆகாது என்று மதாம் முதல் ஆண்டு திட்டவட்டமாக மறுத்தார். அடுத்த ஆண்டு அலமாரியின் மேலிருந்து சிறிய சட்டி ஒன்று இறங்கியது. அதில் ஆடு மட்டுமே இருந்தது; அதற்குப் பெயர் எதுவும் வைக்க மாட்டேன் என்றார். மூடியைச் சுற்றியிருந்த மொறுமொறுப்பான மாவை உடைத்துக் குழம்பில் தோய்த்துத் தின்பதே அந்தச் சாப்பாட்டின் சிறந்த பகுதி என்பது இன்றும் என் கருத்து.

டிசம்பர் 26 அல்சாஸிலும் அதன் பக்கத்து மாவட்டமான மோசெலிலும் அரச விடுமுறை. பிரான்சின் மற்றப் பகுதிகளில் அப்படியில்லை. பாரிஸிலிருக்கும் என் தம்பி அன்று வேலைக்குப் போகும்போது நான் 'குகெல்ஹோஃப்' தின்றுகொண்டிருப்பேன். நடுவில் துளையும் சுற்றிலும் சாய்வான மடிப்புகளும் உள்ள மண் அச்சில் வெதுப்பும் நொதி மாப் பலகாரம் அது. 500 கிராம் மாவுக்கு 25 கிராம் ஈரநொதி, 150 கிராம் வெண்ணெய் என்பது மதாமின் கணக்கு. அச்சின் ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஒரு முழு வாதுமை வைப்பார். திராட்சை வற்றலை அவர் செரிப்பழச் சாராயத்தில் ஊறவைப்பார், நான் தேநீரில். மா பொங்குவதற்கு, யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு மணி நேரம் போதும். ஸ்ட்ராஸ்பூர்க்கின் டிசம்பரில் கிண்ணத்தைச் சூடாக்கியின் பக்கத்துக் கதிரையில் இருத்தி, கம்பளிச் சால்வை போர்த்தி, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். மதாமும் துணியைத் தூக்கிப் பார்க்க விடமாட்டார்.

சனவரியில் வாதுமைக் களி பொதிந்த 'கலெத் தே ரோவா'. வீட்டில் இளையவர் மேசைக்கடியில் புகுந்து எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல, உள்ளே ஒளித்த சிறு பொம்மை கிடைத்தவர் அன்றைய அரசர். என் மகள் நான்கு வயதில் மேசைக்கடியிலிருந்து முதல் துண்டை எப்போதும் மதாமுக்கே சொல்வாள்; பொம்மை ஒருநாளும் அவருக்குக் கிடைத்ததில்லை.

மதாம் 2003இல் காலமானார். குகெல்ஹோஃப் அச்சும், பெயரில்லாத ஆட்டிறைச்சிக்கான சிறிய சட்டியும் என்னிடம் இருக்கின்றன. சென்ற டிசம்பரில், ரொறன்ரோவிலிருக்கும் நம் வகுப்புத் தோழி ஒருத்தி அனிஸ்பிரெடெலெ செய்முறையை வாங்கிச் செய்துவிட்டு, தட்டையாக வெடித்துப்போனது என்று அன்று மாலையே தொலைபேசியில் குறைபட்டாள். எத்தனை மணிக்கு மா அடித்தாய் என்று கேட்டேன். மத்தியானம் என்றாள். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு இருவரும் ஒரே நேரத்தில், ரீச்சரின் குரலிலேயே, "மா தன்ரை வேலையைச் செய்யட்டும்" என்றோம்.