சிரிஞ்சுல பருத்திப்பால்

மெல்பர்ன்ல யுனிவர்சிட்டில ஸ்பீச் பாத்தாலஜி பாடம் நடத்துறேன்னு சொன்னா மதுரைல எங்க சொந்தக்காரங்க எல்லாரும், அப்ப திக்குவாய்ப் புள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக்குடுக்குற டீச்சரான்னு கேப்பாங்க. அதுவும் உண்டுதான், ஆனா பாதிப் பாடம் தொண்டைலதான் ஓடுது, முழுங்குறதப் பத்தி. பக்கவாதம் வந்தவங்க தண்ணி குடிச்சா அது வேகமா எறங்கி, மூச்சுக்குழாய் மூடுறதுக்குள்ள உள்ள போயிரும், சில பேருக்கு நிமோனியாவே வந்துரும், அதான் கெட்டியாக்கிக் குடுக்குறது.

இங்க குளிரெல்லாம் பழகிருச்சு. ஸ்டூடண்ட்ஸ் என்னையப் பேர் சொல்லிக் கூப்புடுறதுதான் ரொம்ப நாள் சுருக்குன்னு இருந்துச்சு, நம்மூர்ல மேடம்னு எந்திரிச்சு நிப்பாங்கல்ல. அப்பறம் வேல நேரத்தப் பிரிக்குற இந்த 40-40-20 கணக்கு, நூத்துக்கு பாடம் 40, ஆராய்ச்சி 40, மத்த நிர்வாக வேலை 20ன்னு, ஆராய்ச்சிக்கான 40 ஞாயித்துக்கெழம ராத்திரிலதான் கெடைக்குது.

சாப்பாட்டுப் பதத்த 0லருந்து 7 வரைக்கும் பிரிக்குற ஐடிடிஎஸ்ஐ முறைய ஆஸ்திரேலியா 2019 மே மாசம் கொண்டு வந்துச்சு. 10 மில்லி சிரிஞ்சுல ஊத்தி 10 செகண்ட் ஓட விட்டு மிச்சம் எவ்வளவுன்னு பாக்கணும், 1 மில்லிக்குக் கீழன்னா தண்ணிப் பதம், அதான் லெவல் 0, 4லருந்து 8 மில்லி வரைக்கும் நின்னா லேசான கெட்டி, லெவல் 2. எல்லா சிரிஞ்சும் ஆகாது, 0லருந்து 10 மில்லி கோடு வரைக்கும் 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கணும். நான் கிளாஸ்ல காட்டுற படமெல்லாம் கஸ்டர்ட், யோகர்ட், மசிச்ச உருளைக்கெழங்கு. நம்ம வீட்டு ஆளு ஆஸ்பத்திரில படுத்தா அதையா கேக்கப் போறாங்க?

அதான் லீவுக்குப் போனப்ப சிரிஞ்சையும் எடுத்துட்டுப் போயி செல்லூர்ல பெரியம்மா அடுப்படில கம்பங்கூழ், பருத்திப்பால், ஜிகர்தண்டா எல்லாத்தையும் ஊத்திப் பாத்தேன், பெரியம்மா "ஏண்டி, கூழுக்கா ஊசி போடுற, இதுக்கா சம்பளம் தர்றாய்ங்க?"ன்னு சிரிச்சாங்க. பருத்திப்பால் சூட்டுல சரசரன்னு ஓடுச்சு, ஆறுனதும் அரிசிமாவு இறுகி அப்பிடியே நின்னுருச்சு. அப்ப எந்தச் சூட்டுல அளந்தோம்ங்குறதே பெரிய விஷயம். இன்னொண்ணு, மாவுச்சத்தால கெட்டியான கூழ வாயில வச்சுருந்தா எச்சில்ல இருக்குற அமைலேஸ்ங்குற நொதி அத நீர்க்க விட்டுரும், கெட்டியாக்கப் போடுற சாந்தன் கம் பவுடருக்கு அந்தப் பிரச்சன இல்ல. டம்ளர்ல பாத்த பதம் தொண்டைக்குப் போகும்போது இருக்காதுன்னா அளந்தது எதுக்கு? என் ஆராய்ச்சியே இப்ப இதுலதான் வந்து நிக்குது.

ஜிகர்தண்டாதான் மோசம், பாக்கக் கெட்டியாத்தான் தெரியும், ஆனா ஐஸ்கிரீம் உருகித் தண்ணியாப் போயிரும், பாதாம் பிசின் கட்டிகட்டியா நிக்கும், ரெண்டும் ஒரே வாயில. முழுங்கக் கஷ்டப்படுறவங்களுக்குத் தெரியாமக் குடுத்துறாதீங்க.

ஆராய்ச்சிக்குப் பணம் கேக்குற கிராண்ட் அப்ளிகேஷன்ல கஞ்சி, கூழ் போதும், ஜிகர்தண்டாவ எடுத்துருன்னு கூட வேல பாக்குற சீனியர் ஒருத்தங்க சொல்றாங்க. எடுக்குறதா இல்ல. காய்ச்சக்காரங்களுக்கு வேணும்னா கஞ்சி போதும், மாசக்கணக்காப் படுத்துருக்குற மதுரக்காரரு ஜிகர்தண்டாதான் கேப்பாரு.