மசக்கை மாத்திரை ஏன் கேட்கவில்லை?

காலையில் எழுந்ததும் வாந்தி, அது அடங்கியதும் இரண்டு இட்லி, அதன்மேல் ஒரு மாத்திரை. டாக்ஸிலமைன் (தூக்கம் வரவைக்கும் ஒரு அலர்ஜி மருந்து), பைரிடாக்சின் (வைட்டமின் பி6) சேர்ந்த மசக்கை மாத்திரை "கேட்கவே இல்லை" என்பவர்களிடம் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் கதை இதுதான். மருந்தின் மேல் தப்பில்லை, நேரத்தின் மேல்தான்.

இந்த மாத்திரையின் மேல்பூச்சு இரைப்பையில் கரையாது, குடலுக்குப் போன பிறகே கரையும். வேலை செய்ய நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால்தான் விடியற்காலைக் குமட்டலுக்கு மருந்து தயாராக இருக்கும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் இரைப்பையிலேயே தங்கி இன்னும் தாமதமாகும். ஆகவே வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும். பாதியாக உடைத்தால் பூச்சு போய்விடும், நேரக் கணக்கும் போய்விடும்.

அளவு படிப்படியாக ஏறும். 10 மி.கி. டாக்ஸிலமைனும் 10 மி.கி. பைரிடாக்சினும் உள்ள மாத்திரை என்றால் முதல் நாள் படுக்கும்போது இரண்டு. மறுநாள் குமட்டல் அடங்கியிருந்தால் அதையே தொடரலாம். மதியத்துக்கு மேலும் தொல்லை இருந்தால், அன்று ராத்திரி இரண்டு, மூன்றாம் நாள் காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு. அதுவும் போதாவிட்டால் நான்காம் நாளிலிருந்து காலை ஒன்று, மாலை நாலு மணிவாக்கில் ஒன்று, படுக்கும்போது இரண்டு. நாளுக்கு நான்குதான் உச்சம். குமட்டும்போது மட்டும் போடும் மாத்திரை இல்லை இது; தினமும் அதே நேரத்துக்குப் போட வேண்டும்.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. இதே மருந்து 20 + 20 மி.கி. அளவிலும் வருகிறது. அதில் உச்சம் நாளுக்கு இரண்டே. மெடிக்கலில் ஒரு அட்டைக்குப் பதில் வேறொன்றைக் கொடுத்து, வீட்டில் பழைய கணக்கிலேயே நான்கு போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். அட்டையைத் திருப்பி மி.கி.யைப் பாருங்கள். சில அட்டைகளில் ஃபோலிக் அமிலமும் கலந்திருக்கும். தனியாக அது எழுதியிருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

விழுங்கிய கையோடு வாந்தி வந்து மாத்திரை முழுசாக வெளியே கிடந்தால் மறுபடி போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி விட்டதைப் பிடிக்க இரண்டாகப் போட வேண்டாம், அடுத்த வேளைக்குப் போனால் போதும். தூக்கம் தூக்கமாக வரும். பகல் வேளை மாத்திரை போட்டால் ஸ்கூட்டர் சாவியைத் தொடாதீர்கள். சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளோடு சேர்ந்தால் மயக்கம் கூடும்.

"கர்ப்பத்தில் மாத்திரையா?" என்ற பயத்துக்கு ஒரு பழைய வழக்கும் காரணம். 1956-ல் அமெரிக்காவில் பெண்டெக்டின் என்ற பெயரில் வந்த மருந்திலும் இந்த டாக்ஸிலமைனும் பைரிடாக்சினும் இருந்தன. குழந்தைக்குக் குறை வருகிறது என்று வழக்குமேல் வழக்காகக் குவிய, 1983-ல் கம்பெனியே அதை நிறுத்தியது. ஆய்வுகள் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் காணவில்லை. 2013-ல் இதே சேர்மானத்துக்கு அங்கே மீண்டும் அனுமதி கிடைத்தது.

வாந்தியை நிறுத்தும் இன்னொரு மருந்தான ஆண்டான்செட்ரான் விரைவாகக் கேட்கும் என்பதால் பலர் நேரே அதற்குத் தாவுகிறார்கள். அவசரம் வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் அதை எடுத்தவர்களின் குழந்தைகளில் உதடு, அண்ணப் பிளவு 10,000-க்கு 11 என்பதிலிருந்து 14 ஆக இருந்ததாக 2018-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. கூடுதல் சிறியதுதான், வாந்தி கட்டுக்கடங்காதபோது டாக்டர் எழுதினால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் மலச்சிக்கல் படுத்தலாம். மெட்டோகுளோபிரமைடு என்ற மற்றொரு வாந்தி மருந்தில் வேறு சிக்கல்: கழுத்தோ தாடையோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாத்திரை சரியாகப் போட்டும் குமட்டல் குறையவில்லை என்றால் இரும்புச்சத்து மாத்திரை சீக்கிரமே தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். அரசுத் திட்டத்தில்கூட அது மூன்று மாதம் முடிந்த பிறகுதான். அதுவரை ஃபோலிக் அமிலம். மசக்கை மாத்திரையை நிறுத்தும்போதும் ஒரேயடியாக வேண்டாம், ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.

ஒன்பது வாரத்துக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வாந்தி மசக்கை என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, பித்தப்பை, தைராய்டு என்று தேட வேண்டும். தண்ணீரே தங்கவில்லை, சிறுநீர் அடர்மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது, 50 கிலோவில் இரண்டரை கிலோ இறங்கிவிட்டது என்றால் அன்றே அட்மிஷன். நாள்கணக்கில் எதுவும் தங்காதவருக்குக் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். அந்தச் சத்து இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். பாட்டிலை மாட்டும்போதே "தயமின் போட்டாச்சா சிஸ்டர்?" என்று கூட இருப்பவர் கேட்கலாம்.