இட்டுக்கட்டிய தகவல் நூலும் அதை நம்பும் வாசகரும்

வேடிக்கைக்காக இட்டுக்கட்டிய தகவல்களை மட்டும் கொண்ட ஒரு புத்தகத்தைத் தமிழில் வெளியிட்டால், முதல் வில்லங்கம் கடைத்தட்டிலேயே தொடங்கிவிடும். கொழும்பில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் உள்ள தமிழ்ப் புத்தகக் கடைகளில் பொது அறிவு நூல்கள் நன்றாக விலைபோகும். தலைப்பில் 'அரிய தகவல்கள்' என்று இருந்தால் கடைக்காரர் அதைப் புலமைப்பரிசில் வழிகாட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். ஒரு தாய் பிள்ளைக்கு வாங்கிக்கொண்டு போவார். பிள்ளை பாடமாக்கிய பிறகு அவர் தொலைபேசியில் கோபப்பட்டால், அது முழுக்க நியாயம்.

ஆகவே தலைப்பில் 'தகவல்', 'அறிவு' வேண்டாம். அட்டையில் பூகோள உருண்டையும் மின்குமிழும் வேண்டாம். பின்னட்டையின் முதல் வரியிலேயே எல்லாம் கற்பனை என்று சொல்ல வேண்டும். நூலகப் பகுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: நூல்களை எண்ணிட்டு வகுக்கும் டூயி முறையில் 030 என்று விழுந்தால் கலைக்களஞ்சியங்களோடு போய்ச் சேரும்; 894.811 என்றால் தமிழ் இலக்கியத்தோடு இருக்கும்.

நம்பிவிடும் வாசகர் ஏமாளி அல்லர். தவறு பெரும்பாலும் வாக்கியத்தில்தான் இருக்கிறது. கொழும்புக் கோட்டையில் உள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'அது மழைநாளில் நான்கு நிமிடம் பிந்தும்படி அமைக்கப்பட்டது' என்று எழுதினால் நம்பிவிடுவார்கள். இயந்திரம் என்றால் பிந்தக்கூடியதுதானே. 'மழை வந்தால் இரண்டு முள்களும் ஒரே குடைக்குள் ஒதுங்கும்' என்றால் சிரிப்பார்கள். சின்ன எண்ணும் சாதாரண வினைச்சொல்லும் சேர்ந்தால் பொய்க்குச் சாட்சி கிடைத்துவிடுகிறது. மெய்ப்புப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது இப்படியான வாக்கியங்களைத்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. அந்தக் கோபுரத்தை வடிவமைத்தவர் அன்றைய இலங்கை ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி என்பதும், 1857 இல் கட்டி முடிந்த அது பின்னர் வெளிச்சவீடாகவும் இயங்கியது என்பதும் உண்மை. கற்பனைகளுக்கு நடுவே இவற்றைப் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையையும் பொய்யையும் கலப்பது வாசகருக்குச் செய்யும் அநியாயம். கலக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1957 ஏப்ரல் முதலாம் திகதி, சுவிற்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிக்கிறார்கள் என்று பிபிசி தொலைக்காட்சி காட்டியது. எப்படி வளர்ப்பது என்று விசாரித்துப் பலர் அழைத்தார்கள். அன்றைய பிரித்தானியாவில் அந்த உணவைப் பலருக்குச் சரியாகத் தெரியாது. இடியப்பம் கொடியில் காய்க்கிறது என்று எழுதினால் இங்கே ஒரு குழந்தைகூட ஏமாறாது. வாசகரின் குசினியிலும் தெருவிலும் இருந்து விஷயத்தை எடுத்தால் சிரிப்பு வரும். அவர் பார்த்தறியாத தேசத்திலிருந்து எடுத்தால் நம்பிக்கைதான் வரும்.

இன்று இன்னொரு தொல்லை வாட்ஸ்அப். ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்போது அட்டையும் முன்னுரையும் கூடப் போவதில்லை. 'கற்பனை' என்ற சொல் பக்கத்தின் அடியில் இருந்தால் வெட்டுப்பட்டுவிடும். ஒவ்வொரு பதிவின் தலைப்புக்குள்ளேயே அது இருக்க வேண்டும்.

மருந்து, சமயம், எந்தச் சமூகம் எங்கே முதலில் குடியேறியது என்பவை பற்றிய பதிவுகளை, எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் நீக்கிவிட வேண்டும். இந்த நாட்டில் அவற்றை நகைச்சுவையாகவே கையாள முடியாது. அச்சான பிறகு கண்டுபிடித்தால் திருத்தம் அச்சிட்ட ஒட்டுத்தாள் போதாது. அந்தத் தாளையே வெட்டி எடுத்துப் புதிய தாள் ஒட்ட வேண்டும்.

வாசகர் கடிதங்களில் மிகவும் மதிக்க வேண்டியவை, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆண்டும் ஆதாரமும் காட்டித் திருத்தி எழுதுபவை. அவர்களுக்கு நன்றி சொல்லி, நூலின் தன்மையை விளக்கி, கையெழுத்திட்டுப் பதில் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தை அடுத்த பதிப்பில் வேடிக்கையாக அச்சிடுவது பெரிய துரோகம். வேறு சில வாசகர்கள் தாங்களே தகவல்களைப் புனைந்து அனுப்புவார்கள். அவற்றைச் சேர்ப்பதானால் எழுத்தில் அனுமதி வாங்கி, அது உண்மையில் எங்கேனும் நடந்ததா என்று தேடிப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.