மாறா விதி என்று யார் சொன்னது? பேரியான், லெப்டான் எண்களைப் படித்த அனுபவம்

நாகர்கோவிலில் முதுகலை இயற்பியல் முடித்த ஆண்டில் நான் எழுதிய முதல் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் (ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியப் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெறவில்லை. இரண்டாம் முறை எழுதித் தேறினேன். இடைப்பட்ட மாதங்களில் என் படிப்பு முறை எங்கே திரும்பியது என்று எண்ணிப் பார்த்தால், துகள் இயற்பியலின் ஒரு சிறு பகுதிதான் நினைவுக்கு வருகிறது. பேரியான் எண், லெப்டான் எண் ஆகியவற்றின் மாறா விதிகளும், அவை எங்கேனும் மீறப்படுகின்றனவா என்று பல பத்தாண்டுகளாக நடைபெற்றுவரும் தேடலுமே அந்தப் பகுதி. புரோட்டான், நியூட்ரான் போன்றவை பேரியான்கள்; எலக்ட்ரான், நியூட்ரினோ போன்றவை லெப்டான்கள். ஒவ்வொரு துகளுக்கும் +1, அதன் எதிர்த்துகளுக்கு −1 என்று கூட்டினால் வருவதே அந்தந்த எண். இந்தப் பகுதியை நான் படித்த விதத்தை, அடுத்து எழுதவிருக்கும் நம் மாவட்டத்து மாணவர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

பயிற்சி வகுப்பில் கிடைத்த குறிப்பேட்டில், "பேரியான் எண் எல்லா வினைகளிலும் மாறாது, லெப்டான் எண் எல்லா வினைகளிலும் மாறாது" என்ற இரு வரிகள் கட்டமிட்டுத் தரப்பட்டிருந்தன. நான் அவற்றை அப்படியே மனப்பாடம் செய்திருந்தேன். பின்னர் ஒரு மாதிரித் தேர்வில், கொடுக்கப்பட்ட நான்கு சிதைவுகளுள் பேரியான் எண்ணையும் லெப்டான் எண்ணையும் தனித்தனியே மீறினாலும் அவ்விரண்டின் வேறுபாட்டை மாற்றாமல் விடுவது எது என்று ஒரு வினா வந்தது. நான்குமே நடக்காதவை என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தேன், அது தவறாயிற்று. நெட் தேர்வின் மூன்றாம் பகுதியில் ஒரு வினாவுக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு அதில் கால் பங்கு கழியும் என்பதால், இத்தகைய ஊகங்கள் இரண்டு மூன்று சேர்ந்தாலே தரவரிசை சரிந்துவிடும். விடைத்தாளை எடுத்துக்கொண்டு எங்கள் பேராசிரியையிடம் சென்றேன். அவர் அந்தக் கட்டமிட்ட வரிகளைப் படித்துவிட்டு, "மக்களே, மாறாது என்று யார் பார்த்துச் சொன்னது? எவ்வளவு காலம் பார்த்தார்கள்?" என்று கேட்டார்.

அந்த இரு கேள்விகளைப் பிடித்துக்கொண்டே முழுப் பகுதியையும் மறுபடி படித்தேன். முதலில் மின்னூட்டத்தையும் பேரியான் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மின்னூட்டம் மாறாமல் இருப்பதற்குப் பின்னால் ஓர் அளவுச் சமச்சீர்மை (gauge symmetry) இருக்கிறது. அதன் விளைவாக நிறையற்ற ஃபோட்டான் என்னும் ஒளித்துகள் இருக்கிறது. நெடுந்தொலைவு எட்டும் விசையும் இருக்கிறது. பேரியான் எண்ணுக்கு அப்படி ஒரு விசை இருந்தால், ஒரே நிறையுள்ள வெவ்வேறு பொருள்கள் புவியை நோக்கிச் சற்று வெவ்வேறு முடுக்கத்துடன் விழ வேண்டும் என்று லீயும் யாங்கும் 1955இல் சுட்டிக்காட்டினர். அத்தகைய வேறுபாடு எதுவும் அளவீடுகளில் தென்படவில்லை. ஆக, பேரியான் எண்ணைக் காக்கும் அடிப்படைக் காவல் எதுவும் நமக்குத் தெரிந்தவரை இல்லை. துகள்களை விளக்கும் இன்றைய கோட்பாடான தரநிலை மாதிரியின் சமன்பாட்டில் அனுமதிக்கப்பட்ட எளிய உறுப்புகளை எழுதி முடித்தபின் பார்த்தால், அவற்றுள் எதுவும் இந்த எண்களை மீறவில்லை என்பது தற்செயலாக அமைகிறது. அடுத்த நிலை உறுப்புகளைச் சேர்த்தால் அந்தத் தற்செயல் கலைகிறது: உறுப்புகளை அவற்றின் பரிமாணத்தால் வரிசைப்படுத்தினால், பரிமாணம் ஐந்தில் லெப்டான் எண் இரண்டு அலகு மாறும், பரிமாணம் ஆறில் பேரியான் எண்ணும் சேர்ந்து மாறும். வைன்பெர்க் 1979இல் இதைத் தெளிவாக எழுதிக் காட்டினார். குறிப்பேட்டில் என் கட்டத்தை அடித்துவிட்டு, "இதுவரை மீறப்பட்டதாகக் காணப்படவில்லை" என்று எழுதிக்கொண்டேன். தேர்வுக்குக்கூட இந்த வாக்கியமே அதிகம் உதவியது.

அடுத்து, வரவுசெலவு எழுதிப் பழக வேண்டும். ஒரு சிதைவு கண்ணில் பட்டால் மின்னூட்டம், பேரியான் எண், லெப்டான் எண், தற்சுழற்சி (spin) ஆகிய நான்கையும் இருபுறமும் எழுதுங்கள். புரோட்டான், எலக்ட்ரானின் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானாகவும், பேரியானோ லெப்டானோ அல்லாத ஒரு நடுநிலைப் பையானாகவும் சிதைவதாகக் கொள்வோம். பேரியான் எண் 1இலிருந்து 0 ஆகிறது. பாசிட்ரான் எதிர்த்துகள் என்பதால் லெப்டான் எண் 0இலிருந்து −1 ஆகிறது. இரண்டும் ஓர் அலகு குறைவதால் அவற்றின் வேறுபாடு 1 ஆகவே நிற்கிறது. நான் தவறவிட்ட வினாவுக்கு விடை இதுவே. நியூட்ரான் ஓர் எலக்ட்ரானாகவும் நேர்மின் பையானாகவும் சிதைவதாகக் கொண்டால், மின்னூட்டக் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் பேரியான் எண் ஒன்று குறைந்து லெப்டான் எண் ஒன்று கூடுவதால் வேறுபாடு இரண்டு அலகு மாறும், கூட்டுத்தொகை மாறாது. நியூட்ரான் எதிர்நியூட்ரானாக மாறினால் பேரியான் எண் மட்டும் இரண்டு அலகு மாறும். இந்த மூன்றையும் நாளொன்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், குறி தவறும் பழக்கம் போய்விடும். எனக்கு அதிகம் தவறியது எதிர்த்துகளின் குறிதான்.

தற்சுழற்சியை ஏன் சேர்த்தேன் என்றால், அது ஒரு வினாவையே சில நொடிகளில் முடித்து வைக்கும். புரோட்டானின் தற்சுழற்சி அரை அலகு. அது வெறும் பையான்களாக மட்டும் சிதைய முடியாது, ஏனெனில் முழு எண் தற்சுழற்சிகளையும் முழு எண் சுற்றுக் கோண உந்தத்தையும் எவ்வளவு கூட்டினாலும் அரை எண் வராது. எனவே ஒரே ஒரு பேரியான் மறைந்தால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் லெப்டான்களோ எதிர்லெப்டான்களோ தோன்றியே ஆக வேண்டும். பேரியான் எண் மீறலும் லெப்டான் எண் மீறலும் ஒரே மூச்சில் பேசப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்று எனக்கு விளங்கிய நாளில்தான், இரண்டு தனிப் பாடங்களாக இருந்தவை என் மனத்தில் ஒன்றாயின.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். எலக்ட்ரான், மியூவான், டௌ ஆகிய குடும்பங்களின் தனித்தனி எண்கள் வேறு, மொத்த லெப்டான் எண் வேறு. குடும்ப எண்கள் மீறப்படுவது 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வகம் வெளியிட்ட நியூட்ரினோ அலைவு (ஒரு குடும்ப நியூட்ரினோ செல்லும் வழியில் வேறு குடும்பத்ததாக மாறுவது) முடிவிலேயே தெரிந்துவிட்டது. மியூவான் எலக்ட்ரானாகவும் ஃபோட்டானாகவும் சிதைகிறதா என்று சுவிட்சர்லாந்தில் மெக் ஆய்வு தேடுவதும் குடும்ப எண் மீறலையே. மொத்த எண்ணின் மீறல் இன்றுவரை எங்கும் காணப்படவில்லை.

இனி, "எவ்வளவு காலம் பார்த்தார்கள்" என்ற கேள்வி. இதற்குக் கணக்கு போடாமல் விடை சொல்ல முடியாது என்பதால், தாள் எடுத்துக்கொண்டு என்னுடன் செய்து பாருங்கள். ஜார்ஜை, கிளாஷோ இருவரும் 1974இல் முன்வைத்த, ஈர்ப்பு தவிர்ந்த விசைகளை ஒன்றாக்கும் ஒன்றிணைப்புக் கோட்பாட்டிலிருந்து, புரோட்டானின் ஆயுள் 10³¹ ஆண்டுகளை ஒட்டி இருக்கலாம் என்ற மதிப்பீடுகள் பின்னர் வந்தன. பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1.38×10¹⁰ ஆண்டுகள்தான். ஒரு புரோட்டானை அவ்வளவு காலம் பார்த்திருக்க முடியாது. ஆனால் அத்தனை புரோட்டான்களை ஒரே ஆண்டு பார்க்கலாம். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய அறிவியலாளரும் சேர்ந்து 1980இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். இரும்புத் தகடுகளுக்கிடையே எண்ணிகளை அடுக்கிய 140 டன் கருவி அது. ஒரு டன் பொருளில் ஏறத்தாழ 6×10²⁹ நியூக்ளியான்கள், அதாவது புரோட்டான்களும் நியூட்ரான்களும், உள்ளன. 140 டன்னில் 8.4×10³¹. ஆயுள் 10³¹ ஆண்டுகள் என்றால் ஆண்டுக்கு எட்டுச் சிதைவுகள் நிகழ வேண்டும். சுரங்கத்தின் ஆழம் அண்டக் கதிர்களைத் தடுத்துவிடும். எண்ணிப் பார்த்தால் எவ்வளவு எளிய, எவ்வளவு துணிவான திட்டம்! அங்கே சில ஐயத்துக்குரிய நிகழ்வுகள் பதிவாகி, அவை புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று அந்தக் குழு அறிவித்தது. பின்னர் அமெரிக்காவின் ஒஹையோ உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானின் கமியோகாவிலும் ஆயிரக்கணக்கான டன் நீரைக் கொண்டு நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. கோலார் ஆய்வு தோற்றுப்போனது என்று ஓரிடத்தில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அதே சுரங்கத்திலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும்தான் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் முதன்முதலாகப் பதிவாயின என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த இடத்தின் அருமை தெரியும்.

இப்போது சூப்பர் கமியோகாண்டேக்கு வருவோம். அது 50,000 டன் நீர் நிரம்பிய தொட்டி. ஒரு டன் நீரில் ஏறத்தாழ 3.3×10²⁹ புரோட்டான்கள் உள்ளன. ஒரு மூலக்கூறுக்குப் பத்து என்று வைத்து அவகாட்ரோ எண்ணால் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2020இல் வெளியான முடிவில், நிறையையும் காலத்தையும் பெருக்கிய அளவு 450,000 டன்-ஆண்டு. பெருக்கினால் 1.5×10³⁵ வருகிறது. உண்மையான சிதைவு நிகழ்ந்தாலும் கருவி அதை அடையாளம் காணும் வாய்ப்பு ஏறத்தாழ நாற்பது விழுக்காடு என்று கொண்டால் 6×10³⁴. பாசிட்ரானும் பையானும் தரும் சிதைவில் ஒரு நிகழ்வுகூடக் கிடைக்கவில்லை. சராசரி 2.3 நிகழ்வுகள் எதிர்பார்க்கப்படும் இடத்தில் ஒன்றுமே வராமல் போக, பாய்சான் பரவலின்படி பத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. எனவே 2.3ஆல் வகுத்தால் 2.6×10³⁴ ஆண்டுகள் கிடைக்கிறது. அவர்கள் வெளியிட்ட கீழ்வரம்பு 2.4×10³⁴ ஆண்டுகள். நம் ஊரில் ஒரு மேசையில் அமர்ந்து போட்ட கணக்கு அந்த எண்ணுக்கு இவ்வளவு அருகே வந்ததைக் கண்ட அன்று நான் வெகு நேரம் உறங்கவில்லை. இந்த எண் புரோட்டானின் ஆயுள் ஆகாது. இந்த வழியில் சிதைவதற்கான ஆயுள் இதைவிடக் குறைவாக இருந்திருந்தால், ஒரு நிகழ்வும் கிடைக்காமல் போக வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதே இதன் பொருள். நேர்முகத் தேர்வுகளில் பலர் இடறும் இடம் இது.

அணுக்கருவின் இரு நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் புரோட்டான்களாக மாறும் இரட்டைப் பீட்டாச் சிதைவைப் பற்றிப் படிக்கும்போது, குமரிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு நெருக்கம் தானாக வரும். நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒன்றேயாக இருக்கலாம் என்பது மயோரானா 1937இல் தந்த கருத்து. அப்படியானால் ஜெர்மானியம்-76 போன்ற அணுக்கரு நியூட்ரினோ எதையும் வெளிவிடாமல் இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் வெளிவிடலாம். லெப்டான் எண் இரண்டு அலகு கூடிவிடும். அந்த இரு எலக்ட்ரான்களின் மொத்த ஆற்றல் சரியாக 2.039 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்முனையாக வர வேண்டும். இத்தாலியில் மலைக்கு அடியில் நடந்த ஜெர்டா ஆய்வு இதைக் காணாமல், அரை ஆயுட்காலம் 1.8×10²⁶ ஆண்டுகளுக்கு மேல் என்று 2020இல் அறிவித்தது. இத்தகைய ஆய்வுகளின் பெரிய எதிரிகளுள் ஒன்று தோரியம். தோரியத் தொடரின் இறுதியில் வரும் தாலியம்-208 வெளிவிடும் 2.615 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர், சிதறி ஆற்றல் இழந்து, தேடும் இடத்திலேயே வந்து விழும். மாலிப்டினம்-100ஐச் சிலர் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம், அதன் ஆற்றல் 3.03 என்பதால் இந்தக் கதிருக்கு மேலே நிற்கிறது என்பதே. என் வீடு மணவாளக்குறிச்சிக்கு அருகே. 1909இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர் அங்கிருந்து சென்ற மணலில்தான் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். அந்த மோனசைட்டில்தான் தோரியம் இருக்கிறது. சிறு வயதில் கால் புதைய நடந்த கருமணலில் ஒரு துகள்கூடத் தங்கள் கருவிக்கு அருகே இருக்கக் கூடாது என்று உலகின் ஆழ்சுரங்கங்களில் பலர் பாடுபடுகிறார்கள் என்று அறிந்தபின், கதிரியக்கத் தொடர்களை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஏன் தேடுகிறார்கள் என்பதற்குச் சகாரவ் 1967இல் கூறிய மூன்று நிபந்தனைகளைப் படித்தால் போதும். பேரண்டத்தில் ஃபோட்டான்களோடு ஒப்பிட்டால் பேரியான்கள் ஏறத்தாழ 6×10⁻¹⁰ பங்கே இருப்பினும், தொடக்கத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாக இருந்தன என்றால், அந்தச் சிறு மிச்சமாவது இருப்பதற்குப் பேரியான் எண் எங்கோ மீறப்பட்டிருக்க வேண்டும். அதுவே முதல் நிபந்தனை. நெட் தேர்வுக்கு இதற்குமேல் வேண்டாம்.

தேர்வு நாளைக்குச் சில சொற்கள். "இச்சிதைவு நிகழுமா" என்று கேட்டால் தரநிலை மாதிரியின் எல்லைக்குள் நின்று விடையளியுங்கள். அங்கே பேரியான் எண் மீறப்பட்டால் விடை "நிகழாது" என்பதே. "எந்த எண் மீறப்படுகிறது" என்று கேட்டால் மட்டும் வரவுசெலவை எழுதுங்கள். இந்தப் பகுதிக்கு நான் ஒதுக்கியது நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், மூன்று வாரம். அணுக்கரு இயற்பியலின் கதிரியக்கச் சிதைவை முதலில் முடித்துவிட்டு இதற்கு வருவது நல்லது. நான் தலைகீழாகச் செய்து ஒரு வாரத்தை இழந்தேன்.

முனைவர் பட்ட நேர்முகத்தில், நீர்த்தொட்டியில் புரோட்டான் சிதைந்தால் எப்படி அடையாளம் காண்பாய் என்று என்னிடம் கேட்டார்கள். பாசிட்ரானும் பையானும் எதிரெதிர்த் திசையில் ஒரே உந்தத்துடன் கிளம்பும் என்று தொடங்கி, புரோட்டான், பையான் ஆகியவற்றின் நிறையிலிருந்து அந்த உந்தம் ஏறத்தாழ 459 மெகா எலக்ட்ரான் வோல்ட்/c என்று பலகையில் கணக்கிட்டேன். பையான் இரு ஃபோட்டான்களாகப் பிரிவதால், நீரில் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைவாகச் செல்லும் மின்னூட்டத் துகள்கள் உமிழும் செரென்கோவ் ஒளி மூன்று வளையங்களாகத் தெரியும் என்றேன். "ஆக்சிஜன் அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டான் சிதைந்தாலும் இப்படியேதான் தெரியுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அது உள்ளேயே அசைந்துகொண்டிருப்பதால் வளையங்களின் மொத்த உந்தம் சுழியாக இராது, சில வேளைகளில் பையான் அணுக்கருவைவிட்டு வெளியேறாமலே உட்கொள்ளப்படலாம், ஆகவே ஹைட்ரஜனின் புரோட்டான்களே தெளிவான அடையாளம் தரும் என்று சொன்னேன். கண்டறியும் வாய்ப்பை நாற்பது விழுக்காடு என்று கணக்கில் எடுத்ததற்குப் பெரும்பகுதிக் காரணம் இதுவே என்று எனக்கே அந்தப் பலகையின் முன் நின்றபோதுதான் தெளிவாயிற்று.