நான்காவது தென்னம்பிள்ளை

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டும் வாசற்பக்கம் ஒன்றுமாக மூன்று தென்னைகள் நிற்கின்றன. காய்க்காகவோ நிழலுக்காகவோ நாங்கள் வைத்தவை அல்ல. வேளாங்கண்ணி மாதாவின் சந்நிதிக்குக் காணிக்கையாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அவை. நாங்கள் தள்ளிப்போட்ட மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கொன்றாகக் கிருஷ்ணகிரி மண்ணிலேயே வேர்பிடித்துவிட்டன. நான்காவது பிள்ளையை 2025 அக்டோபர் 4, முதல் சனிக்கிழமையன்று, என் மாமியார் அன்னையிடம் ஒப்படைத்தார். அது நிறைவேறிய விதத்தை எழுதி வைக்காவிட்டால் நான் நன்றி மறந்தவளாவேன்.

2021 மே மாதம் என் கணவர் கொரோனாவில் விழுந்தார். மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் அவர், பருவம் தொடங்கும் நேரத்தில் விடுப்பு எடுக்கக்கூடாதென்று இரண்டு நாள் காய்ச்சலை மாத்திரையில் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு போர்வையையும் செபமாலையையும் மட்டுமே எங்களால் கொடுத்தனுப்ப முடிந்தது. மே 10 முதல் மாநிலமெங்கும் முழு ஊரடங்கு. மே 13, பாத்திமா அன்னையின் திருநாளன்றும் ஆலயக் கதவுகள் சாத்தியே இருந்தன. அன்று இரவு வீட்டுப் பீடத்தின் முன் முழந்தாளிட்ட என் மாமியார் விடியும்வரை எழவில்லை. மகன் உயிரோடு வீடு திரும்பினால் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு வந்து, மணற்பாதையில் முழந்தாளால் நடந்து, தன் கையால் வளர்த்த ஒரு தென்னம்பிள்ளையை வைப்பதாக அந்த இரவில்தான் நேர்ந்துகொண்டார்.

பதினேழாம் நாள் என் கணவர் வீடு திரும்பினார். பக்கத்துக் கட்டிலில் பர்கூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தாராம். தூக்கம் வராத இரவுகளில் இருவரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம். ஒருநாள் விடியற்காலை அந்தக் கட்டில் காலியாக இருந்ததாம். இதை வந்த அன்றைக்கு ஒரே ஒருமுறை சொன்னவர், பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வாரம் மாமியார் முற்றிய தேங்காய் நெற்று ஒன்றை மணல் கலந்த தொட்டியில் பதித்தார்.

2020ஆம் ஆண்டைப் போலவே அந்த ஆண்டும் வேளாங்கண்ணித் திருவிழா பக்தர்கள் இல்லாமல்தான் நடந்தது. ஆகவே 2021இல் போகாதது எங்கள் குற்றமன்று. அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகள் முழுக்க எங்கள் குற்றம்தான்.

எங்கள் வீட்டை நடத்துபவை இரண்டு நாட்காட்டிகள்: ஒன்று மாங்காயினுடையது, மற்றொன்று ஆலயத்தினுடையது. மே தொடங்கி ஜூலை முடியும்வரை பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் தொழிற்சாலை வாசலில் இரவு பகலாக வரிசைகட்டி நிற்கும். அந்த நாட்களில் என் கணவர் வீட்டுக்கு வருவதே குளித்துவிட்டுப் போகத்தான். அதே மே மாதத்தில் அன்பியத்தில், அதாவது பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவில், வீடு வீடாக மாதா வணக்கம் நடக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் நான் ஆசிரியை வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்புக்கும் ஓட வேண்டும். ஆகஸ்டு 15இல் அன்னையின் விண்ணேற்பு, செப்டம்பர் 8இல் அவருடைய பிறந்தநாள், அக்டோபரில் செபமாலை மாதம், நவம்பர் 2இல் கல்லறைத் திருநாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் பிறந்துவிட்டால் குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று மாமியார் தட்டுகளில் கேழ்வரகை முளைக்கப் போடுவார். மகளும் நானும் பாடகர் குழுவில் பயிற்சிக்கு நிற்போம். மார்கழிப் பனியில் பாடல் பவனி முடித்து வீடு திரும்ப நள்ளிரவாகும். ஆலய முற்றத்தில் பொங்கல், பிப்ரவரியில் பி.பள்ளிப்பட்டி லூர்து மாதாவிடம் ஒரு நடை, பிறகு திருநீற்றுப் புதன், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, நடுவில் பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு, ஈஸ்டர். என் கணவர் பங்குப் பேரவையிலும் வாசகர் குழுவிலும் இருக்கிறார், மகன் பீடச்சிறுவன், மாமியார் மரியாயின் சேனை என்ற பக்தர் குழுவோடு நோயாளிகளைப் பார்க்கப் போவார்.

இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் ஐந்து பேரும் ஒரே வரிசையில் நிற்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் வாரத்தைத் தாங்கி நிற்கிறது. ஆனால் வேளாங்கண்ணிப் பேச்சு எழுந்தபோதெல்லாம், "கோயில் வேலைதானே பார்க்கிறோம், மாதாவுக்குத் தெரியாதா" என்று சொல்லியே தள்ளிப்போட்டோம். 2022இல் கணவருடைய தங்கைக்குப் பேறுகாலம். 2023இல் மகன் முதன்முதலாக நற்கருணை பெறும் புதுநன்மை விழா. 2024இல் சொல்லும்படியான காரணம்கூட இல்லை. ஈஸ்டர் முடிந்த வாரம் ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பரிசல் ஏறி, மீன் வறுவலோடு சோறு சாப்பிட்டுத் திரும்பும் ஒருநாளுக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் எப்படியோ நேரம் கிடைத்தது. மாமியார் ஒரு சொல் கேட்டதில்லை. தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்ட பிள்ளையை ஐப்பசி மழையில் மண்ணில் இறக்கிவிட்டு, அடுத்த நெற்றைத் தொட்டியில் பதிப்பார். அவ்வளவுதான்.

2025 ஜூலையில் அவருடைய மூட்டு வலிக்காக மருத்துவரிடம் போனோம். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்வதே வழி, அதற்குப் பிறகு தரையில் முழந்தாளிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். வீடு வந்து சேரும்வரை பேசாமல் இருந்த மாமியார், வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னிடம் கேட்டார்: "ஆபரேசன் பண்ணிட்டா அப்புறம் முட்டி போட முடியாதாமே. அதுக்கு முன்னாடி ஒருநாள் போயிட்டு வந்துடலாமாம்மா?"

அந்தக் கேள்வியின் முன் எங்கள் இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றுமில்லாமல் போயின. 2025 திருச்சபையின் யூபிலி ஆண்டு, எதிர்நோக்கின் திருப்பயணிகளாகப் புறப்படுங்கள் என்று பங்குத்தந்தை மறையுரைதோறும் சொல்லிக்கொண்டிருந்தது அதுவரை எங்கள் காதில் மட்டுமே விழுந்திருந்தது.

ஆயுத பூஜை விடுமுறையும் காலாண்டு விடுமுறையும் சேர்ந்து வந்ததால், அக்டோபர் 2 இரவு நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு வேனில் புறப்பட்டோம். 350 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் தென்னம்பிள்ளை மாமியாரின் காலடியிலேயே இருந்தது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது அவர் செபமாலையைத் தொடங்கினார். சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் என்று ஊர்கள் கடக்கக் கடக்கப் பிள்ளைகள் தூங்கிவிட்டாலும் அவர் குரல் நிற்கவில்லை. நாகப்பட்டினத்தைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்திருந்தது.

வேன் நிற்குமுன்பே அறைத் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கதவைத் திறக்கவும் விடாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். திருத்தல விடுதிகள் நிரம்பிவிட்டன என்று சொல்லி ஒருவர் எங்களை அழைத்துப்போன இடத்தில், வெளியே எழுதியிருந்த வாடகையைப்போல் மூன்று மடங்கு கேட்டார்கள். தண்ணீர்கூடச் சரியாக வராத அந்த அறைக்கு, பெரியவரை வெயிலில் நிறுத்த மனமில்லாமல், கேட்டதைக் கொடுத்தோம். அதைவிட எனக்கு வலித்தது மற்றொன்று. தென்னம்பிள்ளையைக் கண்ட கடைக்காரர் ஒருவர், வெளியிலிருந்து கொண்டுவரும் கன்றுகளை உள்ளே வாங்கமாட்டார்கள், தம் கடையில்தான் வாங்க வேண்டும் என்று வழிமறித்துச் சொன்னார். மாமியாரின் முகம் வாடிப்போனது. கணவர் ஓடிப்போய்த் திருத்தலப் பணியாளர்களிடம் கேட்டார். அப்படியொரு விதி இல்லவே இல்லை என்றார்கள். நேர்ச்சையோடு வருகிறவர்களின் அச்சத்தை விற்பனைச் சரக்காக்குவது பாவம் என்பதை நான் எழுதியே ஆக வேண்டும்.

அன்று மாலை கடற்கரையில் சிறிது நேரம் நின்றோம். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸ் முடிந்து மாதாவைப் பார்க்க வந்திருந்த எத்தனையோ பேரை இதே கடல்தான் கொண்டுபோனது. மாமியார் அலையை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு, பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நேரமாகிறது என்று எங்களை அழைத்துக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே மாதா குளத்தில் முகம் கழுவி, மணற்பாதைக்கு வந்தோம். அந்த நேரத்திலேயே நூற்றுக்கணக்கானோர் முழந்தாளில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். மொட்டையடித்த குழந்தையை மார்போடு அணைத்தபடி ஓர் இளம் தாய் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் விரித்த துண்டை மாமியார் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மணலில் அவர் முழங்கால் பட்டபோது எழுந்த சிறு முனகல் இன்னும் என் செவியில் இருக்கிறது. அவருக்கு வலப்பக்கம் என் கணவர், தென்னம்பிள்ளையை ஏந்திக்கொண்டு, அவரும் முழந்தாளில். மகள் செபமாலையைச் சொல்ல, நானும் மகனும் பின்னால் வந்தோம். பத்தடிக்கு ஒருமுறை மாமியார் கையை ஊன்றி நின்றார். "போதும்மா, மாதாவுக்குத் தெரியும்" என்று கணவர் சொன்னபோது, "நாலு வருசமா அதையேதானப்பா சொன்னீங்க" என்றார். கோபமே இல்லாத குரல். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. சிலுவைப்பாதையின் நான்காம் நிலை, இயேசு தம் தாயைச் சந்திக்கும் இடம், அதற்கெதிரே வந்ததும் அவர் நகராமல் நெடுநேரம் நின்றுவிட்டார். மகனைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. பிறகு மீண்டும் நகர்ந்தார். வழி முடிந்து எழுந்தபோது சூரியன் ஏறியிருந்தது. சேலையில் முழங்கால் பட்ட இடங்கள் இரண்டும் கிழிந்திருந்தன.

பேராலயத்துக்குள் நெரிசல் சொல்லி மாளாது. முன்னால் தள்ளுகிறவர்கள், பின்னால் இழுக்கிறவர்கள், "நகருங்க, நகருங்க" என்ற தொண்டர்களின் குரல். பட்டுச் சேலை உடுத்தித் திருக்குழந்தையைக் கையிலேந்திய அன்னையின் எதிரே எங்களுக்குக் கிடைத்தது சில நொடிகள்தாம். நான்கு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த செபம் மாமியாரிடம் இருந்தது. மெழுகுவர்த்தி வாங்கும்போதுகூட அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அங்கே நின்றதும் அவர் வாயிலிருந்து வந்தவை அந்தச் சொற்கள் அல்ல.

"தாயே, எம் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்தே. பக்கத்துக் கட்டில்ல இருந்த புள்ளையும் ஒருத்தி பெத்ததுதான். அவளுக்கும் சேத்துத்தான் முட்டி போட்டு வந்தேன். அவளையும் பாத்துக்க."

அதற்குள் எங்களை நகர்த்திவிட்டார்கள். ஒருமுறை மட்டும் சொல்லப்பட்ட அந்தச் செய்தியை அவர் நான்கு ஆண்டுகள் தம் செபத்தில் சுமந்திருக்கிறார் என்பது ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது. வெளியே வந்து தென்னம்பிள்ளையை ஒப்படைத்த பிறகு என் கணவர் ஒரு தூணில் சாய்ந்து, மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அழாத அழுகையையெல்லாம் அழுதார். மாமியார் அவர் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அன்னையே, அந்த மூச்சுக்கு நன்றி. பதினேழு நாளும் எங்கள் கையைவிட்டு அகலாத செபமாலைக்கு நன்றி. தேய்ந்த முழங்கால்களில் அந்தப் பாதை முடியும்வரை வலு வைத்திருந்தீரே, அதற்கு நன்றி. வேலைக்கும் தேர்வுக்கும் பாடகர் குழுவுக்கும் பின்னால் உம்மை நிறுத்திவைத்த எங்களை ஒரு நாளும் கைவிடாமல், ஒவ்வொரு நெற்றையும் முளைக்கச் செய்து காத்திருந்தீரே, அதற்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வேன்? பூண்டி மாதாவையும் கண்டு திரும்புவதாகப் போட்டிருந்த திட்டம், சாப்பாட்டுக் கடைகளில் பட்ட பாடு, திரும்பும் வழியில் பஞ்சரான டயர் எதுவும் இப்போது எழுதத் தோன்றவில்லை.

ஞாயிறு விடியற்காலை வீடு சேர்ந்தோம். யாரும் படுக்கவில்லை. மாமியார் மாதா குளத்துத் தண்ணீரில் அன்பியத்து வீடுகளுக்கென்று எடுத்துவைத்தது போக எஞ்சியதை மூன்று தென்னைகளின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அன்று திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கும் முறை என் கணவருக்கு வந்திருந்தது. பெயர்ப் பட்டியல் மாதத் தொடக்கத்திலேயே ஒட்டப்பட்டது. வாசக நூலைத் திறந்தவர் ஒரு கணம் தயங்கி எங்கள் பக்கம் பார்த்தார். அபக்கூக்கு இறைவாக்கினர் நூல். எத்தனை காலம் நான் கூக்குரலிடுவேன் என்று தொடங்கி, தாமதமாவதுபோல் தோன்றினாலும் காத்திரு, அது நிறைவேறியே தீரும் என்று ஆண்டவர் பதிலளிக்கும் பகுதி. அவருடைய குரல் இரண்டு இடங்களில் தடைப்பட்டது. மற்றவர்களைப்போல் எழுந்து நிற்க முடியாத நேரங்களிலும் நாற்காலியை மறுத்துவிடும் மாமியார், அன்று முதன்முறையாக நாற்காலி கேட்டு வாங்கி, அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, மகன் வாசித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.