எண் இல்லாத கவிதை

"சித்தி, பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஒரு கவிதைக்கு எண்ணே இல்லையே, அச்சுப்பிழையா?" என்று அக்காள் மகள் இன்று கேட்டாள்.

பிழையில்லை. அமெரிக்கக் கவிஞர் அட்ரியன் ரிச் 1976இல் வெளியிட்ட 'இருபத்தொரு காதல் கவிதைகள்' அது. பெண் பெண்ணுக்கு எழுதியவை. உடலின்பத்தை ஒளிக்காமல் பேசும் கவிதையை மட்டும் அவர் வரிசையில் கட்டவில்லை.

எனக்குப் பிடித்தது என்னவோ நான்காவதுதான்.

கவிதை சொல்பவள் காதலியிடமிருந்து விடிகாலையில் திரும்புகிறாள். கையில் மளிகைப் பை. மூடப்போகும் லிப்டை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறாள். உள்ளே நிற்கும் பெரியவர், பித்துப் பிடித்தவள் என்று முணுமுணுக்கிறார்.

காதல் தந்த பூரிப்பு வீட்டுக் கதவுவரைகூடத் தாங்கவில்லை.

பெண் ஆணைத்தான் நாட வேண்டும் என்று சமூகம் திணிக்கும் 'கட்டாய எதிர்பால் உறவு' பற்றி ரிச் 1980இல் நீண்ட கட்டுரையே எழுதினார். முக்கியமானதுதான். ஆனால் என்னை உலுக்கியது அந்த லிப்ட்.